அட்டமியில் போடாத பில்

நவம்பர் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஈரத்தில் தினசரிக் காலண்டர் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பைண்டிங்கில் எல்லாருக்கும் எரிச்சல். எரிச்சல் இல்லாத ஒரே ஆள் என் அக்கா மாரிசெல்விதான். பட்டாசு ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் பயராபீசில், பதினோரு வருஷம் பெட்டி போட்டவளுக்கு இந்தக் காலண்டர் பிரஸ் சொர்க்கமாம். போன ஆடியில் பக்கத்து ரூமில் தீப்பிடித்து இரண்டு பேர் போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நான்தான் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். "இங்கன வந்ததிலிருந்து இருமல்கூட வரமாட்டேங்குது சுகி" என்றாள் இன்று.

ஆனால் நிரந்தரம் இல்லை. அக்காவையும் இன்னும் ஏழு பேரையும் எடுத்ததே கொழும்பு ஆர்டருக்காக. பன்னிரண்டாயிரம் தமிழ்க் காலண்டர். இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அங்கே கடை வைத்திருக்கிற கனகலிங்கம் ஐயா பள்ளிக்கூட நோட்டு ஆர்டரும் தருவார். நோட்டு வந்தால் வருஷம் முழுக்க வேலை. அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொன்னார். சத்தியம் பண்ணவில்லை, ஆனாலும் சொன்னார்.

நவம்பர் 21, வியாழன்

ஏற்றுமதிக் காகிதமெல்லாம் என் தலையில். பி.காம். படித்ததற்கு இதுவாவது கிடைத்ததே. இலங்கைக்கும் நமக்கும் வரிச்சலுகை ஒப்பந்தம் இருக்கிறது. சரக்கு இங்கே செய்ததுதான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பினால், அங்கே இறங்கும்போது வரி குறைவு. இல்லாவிட்டால் முழு வரி. அந்த விலைக்கு அங்கே எவரும் வாங்கமாட்டார்கள்.

தூத்துக்குடி துறைமுக ஏஜென்ட் மணிகண்டராஜ் போனில் மிரட்டுகிறார். "மேடம், ஒரு புள்ளி மாறுனாலும் அங்கன நிப்பாட்டிருவாக." சரி சாமி, தெரியும்.

நவம்பர் 23, சனி

பில் போட்டு, ஆன்லைனில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் சான்றிதழும் வந்துவிட்டது. எனக்கே என்மேல் பெருமை. அப்புறம்தான் அண்ணாச்சி பில்லைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்கு அட்டமியில்லா? நாளைக்கு நவமி. நம்ம அடிச்ச காலண்டர்லயே போட்டிருக்கு, பாக்கலையா? அட்டமியில பில் போட்டா சரக்கு திரும்பி வந்துரும்னு எங்கய்யா சொல்லுவாக. திங்கக்கிழமை தேதி போடு."

இங்கே நாலு கடையில் மூன்று கடை வழக்கம் இதுதான். சரக்கு எப்போது வேண்டுமானாலும் போகும், பில் மட்டும் நல்ல நாள் பார்த்துத்தான். பழையதைக் கிழித்துவிட்டு 25 என்று போட்டேன். சான்றிதழில் 23. அதையும் மறுபடி வாங்கவேண்டுமோ என்று ஒரு நொடி தோன்றியது. பில் நம்பர் ஒன்றுதானே, தேதிதானே — விட்டுவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

லோடு கிளம்பியது. அக்கா லாரிக்குச் சூடம் காட்டினாள்.

டிசம்பர் 4, புதன்

கனகலிங்கம் ஐயா போன். சத்தம் போடாமல் பேசுகிற மனுஷன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பிள்ளை, பில்லுக்கு ரெண்டு நாள் முன்னமே சான்றிதழ் எடுத்திருக்கிறியளே. தாய் பிறக்க முதல் பிள்ளை பிறந்த கதையாக் கிடக்கு. சலுகை தர ஏலாது எண்டு கஸ்டம்ஸில சொல்லிப்போட்டினம்."

அட கூறுகெட்டவளே. தேதியை அச்சடித்து விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, தேதிதானே என்று நினைத்தாயே. கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறவருக்கு அட்டமி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? அவர் முன்னால் இருப்பது இரண்டு காகிதம். அவர்மேல் என்ன குற்றம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. அக்கா "காய்ச்சலாடி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். கத்தவில்லை. "நான் தேதியத்தானம்மா மாத்தச் சொன்னேன். மத்ததை நீ பாக்க வேண்டாமா?" என்றார். உண்மைதானே.

முழு வரி கட்டி எடுத்துவிடலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "எடுக்கலாம் பிள்ளை. பிறகு ஆர் வாங்குறது?" என்றார். திருத்திய சான்றிதழ் ஒன்றுதான் வழி. அதற்குப் பழைய அசல் கொழும்பிலிருந்து திரும்பி வரவேண்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

கூரியர் வரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

வரவில்லை. மணிகண்டராஜ் போனை எடுப்பதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

அசல் வந்தது. விண்ணப்பித்தேன். பில் தேதி ஏன் மாறியது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னவென்று எழுத? எழுத்துப்பிழை என்று எழுதினேன். அட்டமி என்று எழுதினால் எந்த ஆபீசில் ஒத்துக்கொள்வார்கள்?

காலண்டர் மீன் மாதிரி. டிசம்பரில் விற்றால் சரக்கு, ஜனவரியில் நாற்றம். அது கொழும்புத் துறைமுகத்தில் கண்டெய்னர் பெட்டிக்குள் கிடக்கிறது, நான் இங்கே கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு இருக்கிறேன். வேறு ஒன்றும் செய்வதற்கு இல்லை. யாராவது ஒருத்தர் என்னை ஓடச் சொன்னால் தூத்துக்குடி வரைக்கும் ஓடுவேன். ஓடுகிற வேலையாக இல்லையே இது.

டிசம்பர் 20, வெள்ளி

பைண்டிங்கில் வேலை குறைந்துவிட்டது. எட்டுப் பேரும் தரையைக் கூட்டுகிறார்கள், கூட்டின தரையையே கூட்டுகிறார்கள். "நோட்டு எப்பம்டி வரும்?" என்று கேட்டாள் அக்கா. வரும் என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

டிசம்பர் 26, வியாழன்

திருத்தின சான்றிதழ் கிடைத்தது. கூரியர் ஆபீசுக்கு நானே பைக்கில் போய்க் கொடுத்தேன். திரும்பும்போது திருத்தங்கல் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். எதற்கென்றே தெரியவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

கொழும்பில் பெட்டியை விடுவித்துவிட்டார்கள். குறைந்த வரிதான், ஒப்பந்தத்தில் இருக்கிறபடியே.

ஐயா பேசினார். "வரி குறைஞ்சிட்டுது பிள்ளை, வருசமும் பிறந்திட்டுது. எல்லாக் கடையிலயும் ஆக்கள் கலண்டர் மாட்டிப்போட்டினம். சும்மா குடுத்தாலும் வாங்கினமில்லை. நோட்டை இந்த முறை இங்கத்தைய பிறஸ்ஸில குடுத்திட்டன். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்க எனக்கு என்ன யோக்கியதை.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கல் கழித்து வரவேண்டாம் என்று எட்டுப் பேரிடமும் அண்ணாச்சியே சொன்னார். இலங்கைப் பார்ட்டி கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றினாரா, தன்னையா? நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

அக்காவிடம் சொல்லிவிடவேண்டும். இன்று முழுக்க வீட்டில்தான் இருந்தாள். நானும் இருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

ஆறேகாலுக்கு பயராபீஸ் வேன் வந்தது. பெட்டி போடுகிற இடத்தில் ஆள் நிரம்பிவிட்டதாம், வெடிமருந்து அடைக்கிற ரூமில்தான் காலி. "அங்கன கூலி கூட, தெரியுமா" என்றாள் அக்கா, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு.

வேனுக்குள்ளிருந்து எதிர்வீட்டு வேலுத்தாய் மதினி, "என்ன மாரி, காலண்டர் ஆபீசு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"இலங்கைக்காரன் ஏமாத்திப்புட்டான் மதினி. என் தங்கச்சியும் எனக்காக எம்புட்டோ பாத்தா, பாவம்" என்றாள் அக்கா. வேன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.