பத்துக் கேள்விக்கும் சிரித்த முகம்

அனுப்புநர்:
தையற்காரி,
ஆண்கள் பிரிவு பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவரின் மனைவி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: நோயாளி மரியாதையாக நடத்தப்பட்டாரா என்ற கணக்கெடுப்பில் நான் அளித்த பதிலை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பேருந்து நடத்துநர். கால் புண்ணுக்காகப் பதினோரு நாட்கள் தங்கள் மருத்துவமனையில் இருந்தார். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா தங்கமானவர்.

2. ஐந்தாம் நாள், பார்வையாளர் நேரத்தில் அவருக்கு உடம்பு துடைத்தார்கள். மறைப்புத் திரை பக்கத்து வார்டுக்குப் போயிருந்தது. எங்கள் மகளும் மருமகனும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். "ஒரு துணி போடுப்பா" என்று இவர் கெஞ்சினார். "உன்னை யாரு பாக்கப் போறா பெருசு? இங்க என்ன சினிமாவா ஓடுது?" என்றார் பணியாளர். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் ஒரு பேருந்துக் கூட்டத்தையே அதட்டியவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகன் முகத்தை இன்றுவரை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

3. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே பணியாளர் ஒரு கைக்கருவியை என்னிடம் நீட்டினார். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகங்கள். பத்துக்கும் பதில் சொன்னால்தான் வீட்டுக்குப் போகும் சீட்டு அச்சாகுமாம். முதல் கேள்வியே, மரியாதையுடன் நடத்தப்பட்டீர்களா என்பதுதான். அழுகிற முகத்தைத்தான் அமுக்கினேன் ஐயா. காரணம் எழுதச் சொன்னது. "எதுக்கும்மா வம்பு? திரும்ப இங்கதானே வரணும்" என்றார் அவர். அழுத முகத்தை மாற்றினேன். பத்துக்கும் சிரித்த முகத்தையே அமுக்கிவிட்டு வந்தேன்.

4. பிறகு மனசு கேட்காமல் புகார் எழுதினேன். "தாங்கள் முழுத் திருப்தி தெரிவித்துள்ளதால் புகார் முடிக்கப்பட்டது" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, என் பத்து முகங்களின் நகலோடு. அந்த வார்டுக்கு நூற்றுக்கு நூறு என்று பாராட்டுச் சான்றிதழும் மாட்டியிருக்கிறார்களாம். நான் யாரைப் போய் நொந்துகொள்வது?

5. திங்கட்கிழமை அவருக்கு இரண்டாவது அறுவைச் சிகிச்சை. தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவரோ, "கால் போனா போகட்டும், அங்க மட்டும் வரமாட்டேன்" என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே, என் பதிலை நீக்கி, திரைக்கு ஏற்பாடு செய்து, தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ அவரைத் தொலைபேசியில் அழைத்து, மூடித்தான் துடைப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் எடுபடாது. தங்கள் பதில் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் அவர்தான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இடம்: வீடு
நாள்: வியாழக்கிழமை

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)