முப்பத்தைந்து வாட்

செவ்வாய், இரவு.

அக்கா வீட்டு அத்தான் மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நான் வீட்டிலிருந்தே பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவள். சத்தமே போடாத சின்ன கம்ப்யூட்டர் வேண்டும், அதிகம் சூடாகாத முப்பத்தைந்து வாட் ப்ராசஸர் போதும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தேன். அவருக்குக் கண்டி டவுனில் கம்ப்யூட்டர் கடை. வேறு கடைக்குப் போனால் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

இன்று கொண்டுவந்தார். உள்ளே இருந்தது நூற்றிருபத்தைந்து வாட்.

"சின்னதப் போட்டா நாளைக்கு நீயே ஏசுவ. நம்ம புள்ளன்னுதான் பெரிசாப் போட்டேன்."

அந்தக் குட்டிப் பெட்டிக்குள் சூடு வெளியேற வழியில்லை. புசல்லாவை ஏற்றத்தில் பஸ் இரைகிற மாதிரி ஃபேன் இரைந்தது.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றார் கதிரையில் சாய்ந்துகொண்டு.

நான் மைக்கைப் போட்டேன். ஐந்து நிமிடம் தன் கெட்டித்தனத்தை அளந்தார். பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஃபேன்தான் கேட்டது. அதற்குள் எங்கோ அவர் முனகிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பதிவை நான் அழிக்கவில்லை. அத்தான் பேசியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.