இன்னொரு வாட்டி

அன்புள்ள டைரக்டர் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன, உன் படங்களைத்தான் போனில் பார்க்கிறேனே, கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. புது ஊரும் விளம்பரக் கம்பெனி வேலையும் உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டன போலிருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும். உன் நண்பனை, என் தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுவார்கள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ இரண்டே வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னிடம் அப்படித்தான் தப்பித்து வருகிறாய். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை யாரையும் கேட்காமல் திறக்கிற ஆள் என் தம்பிக்கு அடுத்து நீதான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இவன் வேலைக்குப் போகிறான். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு இல்லை. முட்டி போட முடியாதவனுக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது? பழைய மேஸ்திரி மனசு கேட்காமல் ஒரு டைல்ஸ் கடையில் சேர்த்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, இது குளியலறைக்கு, இது மாடிப்படிக்கு என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறான். பஸ்ஸில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு கணம் யோசிக்கிறான், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவன் வித்தை காட்டுகிற சைக்கிள் பால்கனியில் நிற்கிறது. சின்னப் பிள்ளை சைக்கிள் மாதிரி இருக்கிறது, பிரேக் கூடக் கிடையாது, இதில் என்னடா வீரம் என்று முன்பெல்லாம் திட்டுவேன். இப்போது அம்மா அதன் மேல் துணி காயப்போடுகிறாள். காய்ந்ததும் அவன்தான் எடுத்து மடிக்கிறான்.

போன வருஷம் நீங்கள் சைக்கிள்களோடு வேனில் ஊர் சுற்றியபோது எடுத்து, நீ இப்போது வெளியிட்டிருக்கிற வீடியோவை ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போட்டான். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வேனுக்குள் நீங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் கால் போட்டுத் தூங்குவது, பெட்ரோல் பங்க் குழாயில் வரிசையாகப் பல் தேய்ப்பது, வழி தப்பி யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குள் வேனை விட்டுவிட்டு முழிப்பது என்று எல்லாம் வந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிப் பகுதியை நீ இவனுக்கே கொடுத்திருந்தாய். யார் ஓட்டியது பிரமாதமோ அவர்களுக்குத்தான் கடைசி இடம், எங்க செட்ல அது பெரிய மரியாதைம்மா என்று இவன் அம்மாவுக்கு விளக்கினான். ரொம்ப நாள் கழித்து அவன் முகத்தில் ஒரு களை பார்த்தேன்.

இவன் விழுந்த அந்த ஆபீஸ் கட்டடத்துப் படிக்கட்டு வந்தது. நீ பாட்டை நிறுத்தியிருந்தாய். இவன் சைக்கிளோடு தாவிக் கைப்பிடிக் கம்பியில் ஏறி, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயால் சர்ரென்று கீழே வரை சறுக்கி, அலுங்காமல் இறங்கி, தெருக்கோடி வரை போய்விட்டான். கம்பி உரசுகிற சத்தம் அப்படியே கேட்டது. அதற்குப் பிறகு கேமரா பக்கத்திலிருந்து உன் குரல், “வந்துருச்சு, சுத்தமா வந்துருச்சு” என்றது.

அம்மா கை தட்டினாள். இவ்வளவு அழகா இறங்கிட்டியே, அப்புறம் எப்படிடா விழுந்தே என்று கேட்டாள். அது அடுத்த தடவைம்மா என்றான். அடுத்த தடவை எதுக்குப் போனே என்றாள். இவன் ரிமோட்டைத் தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.

எதற்குப் போனான் என்பது எனக்கு மனப்பாடம், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறான். தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்தவனிடம், வெயில் எதிர்ல அடிச்சிருச்சுடா, கேமராவுல ஒண்ணுமே பதிவாகல, இன்னொரு வாட்டி போ, கிட்ட நின்னு எடுக்கிறேன் என்று நீ சொன்னாய். கால் நடுங்குதுடா, சாப்பிட்டுட்டு வந்து பண்ணலாம் என்று இவன் கேட்டிருக்கிறான். அதுக்குள்ள வாட்ச்மேன் வந்துருவான் என்றாய். இவன் போனான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எது தெளிவு, எது மங்கல் என்று கேட்டுக் கேட்டுத்தான் என் பிழைப்பே நடக்கிறது. அந்தப் படத்தில் வெயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவன் சட்டைப் பித்தான் கூடத் தெரிகிறது.

கிட்டத்திலிருந்து ஒன்று வேண்டும் என்று உண்மையைக் கேட்டிருக்கலாம். உனக்காக அவன் ஒருவேளை போயிருப்பான். இல்லை, கால் கேட்கலடா, எடுத்ததே போதும் என்று சொல்லியிருப்பான். முதல் தடவையே கிடைத்துவிட்டது என்று தெரிந்திருந்தால் அவனால் மறுத்திருக்க முடியும். நீ அதைச் சொல்லவே இல்லை.

எனக்கு ஆறாதது அது கூட இல்லை. ஆஸ்பத்திரியில் முட்டியில் பிளேட் வைத்த மறுநாள் இவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு, சாரிடா, என்னால உன் வீடியோவே கெட்டுப்போச்சு என்று அழுதான். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். பரவால்ல விடுடா என்று நீ அவன் தலையைத் தடவினாய். கேமரா பை உன் தோளில்தான் தொங்கியது. தங்கமான பிள்ளை என்று நான் அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு வருஷமாகக் கடையில் யார் காலைப் பற்றிக் கேட்டாலும், என் தப்புங்க, பயந்துட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதையும் சொல்வதில்லை. எடிட்டிங் நல்லா பண்ணியிருக்கான்ல என்று மட்டும் என்னிடம் சொன்னான். உன்னிடம் நான் கேட்கட்டுமா என்று அவனைக் கேட்டேன். வேணாம்க்கா, அவனுக்கு ஞாபகம் இருக்காது, சங்கடப்படுவான் என்றான். முட்டி போனவன் உன் சங்கடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான்.

வீடியோவை எடுத்துவிடாதே. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். உன்னைப் போலீசுக்கு இழுக்கப்போவதில்லை, ஊரெல்லாம் சொல்லப்போவதும் இல்லை. உன்னிடம் அவன் கேட்ட மன்னிப்பு அவன் கேட்க வேண்டியது இல்லை. அதை உன் வாயாலேயே அவனிடம் சொல். சிரிக்க வைக்காமல் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உன் வேலையில் நீ மேலே வர வேண்டும் என்று ஒரு காலத்தில் உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் நான். இப்போதும் நன்றாக இரு என்றுதான் எழுதுகிறேன், கைதான் எழுதுகிறது.

அவனைக் கூப்பிடு. எவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னையும் தம்பி என்று நினைத்திருந்த
அக்கா