மிதந்தெழுந்த நீச்சல் குளம்

அன்பு மகள் சோலேனுக்கு,

உன்னைப் பெறாவிட்டாலும் பெற்றவர்களைவிட அதிகம் திட்டி வளர்த்த சித்தப்பன் அன்செல்ம், பிரான்சில் பெர்ஜெராக் நகருக்கு மேற்கேயுள்ள தன் அரை ஏக்கர் சாம்ராஜ்யத்திலிருந்து எழுதுவது. நானும் சித்தி மாரிவோனும் சுகம். அங்கே அடிலெய்டில் நீயும் குட்டி பசீலும் சுகம்தானே. வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் போடலாமா, பராமரிப்பது கஷ்டமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய், நீச்சல் குளத்தைக் கப்பலாக்கிக் காட்டிய மாலுமி இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்.

சித்திக்கு இடுப்பு எலும்பு மாற்றியது உனக்குத் தெரியும். தினமும் தண்ணீருக்குள் நடக்காவிட்டால் கைத்தடி கையோடு ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகரத்துப் பொதுக் குளத்துக்குக் கூப்பிட்டால், ஊரெல்லாம் என் தழும்பைப் பாக்கணுமா, வரமாட்டேன் போ என்று மல்லுக்கு நின்றாள். சரி, மே முடிவதற்குள் நம் குளத்திலேயே இறக்காவிட்டால் என் பெயர் அன்செல்ம் இல்லை என்று, நம்மூர் வழக்கப்படி தட்டில் மிஞ்சிய சூப்பில் ஒயினை ஊற்றிக் குடித்தபடியே சபதம் செய்தேன். போய் மூடியை விலக்கினால் குளம் கீரைக் கடைசலாக இருந்தது, தவளைகள் அதில் பாராளுமன்றம் நடத்திக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஃபிர்மேன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இதுல மருந்தைக் கொட்டி என்னய்யா ஆகப் போகுது, மொத்தத்தையும் எறைச்சுத் தள்ளு என்றான். தள்ளினேன். குளிர்காலம் முழுக்கக் கொட்டிய மழையில் தரைக்கடியில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்ததை இரண்டு மேதைகளும் மறந்துவிட்டோம். நம்முடையது ஒரே துண்டாக வார்த்த ஃபைபர் தொட்டி, உள்ளே பாரம் போனதும் அடித்தண்ணீர் அதை அலாக்காகத் தூக்கிவிட்டது. ஓரத்துக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. சித்தி சமையலறை ஜன்னலில் நின்று, அன்செல்ம், எந்த ஊருக்குப் பயணம், எனக்கும் ஒரு டிக்கெட் போடு என்று சிரித்தாள். ஆனால் சாயங்காலமே, விட்டுடுப்பா, எனக்குத் தடியே போதும் என்றாள். அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தரைத்தண்ணீர் ஏறினால் இறைப்பதற்கென்றே தொட்டிக்குப் பக்கத்தில் குளம் போட்டவர்கள் ஆழமாக ஒரு குழாய் நட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை மூடி மேலே லாவெண்டர் நட்டது யார் என்று கேட்காதே. செடிகளைப் பிடுங்கி எறிந்து, குழாயைத் தோண்டி எடுத்து, பம்பை இறக்கினேன். டோர்டோன் ஆறே வற்றிவிடுமோ என்னுமளவுக்கு இறைத்தேன். தொட்டி மெல்ல மெல்ல இறங்கியது. ஓரங்களில் சரளை கொட்டி இறுக்கி மறுபடி நிரப்பினேன். ஒரு பக்கம் இரண்டு விரல் தூக்கலாகவே நின்றுவிட்டது. உன் குளம் குடிச்சிருக்கா என்கிறான் ஃபிர்மேன். அவன் யோசனை கேட்டால் குளமும் குடிக்கத்தான் செய்யும்.

ஆகவே மகளே, குழி வெட்டும் முன் மழைக்காலத்தில் அந்த மண்ணில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார். தண்ணீர் பச்சையானால் இறைக்காதே, முதலில் அதன் அமில-காரத் தன்மையைச் சரிசெய்து, பிறகு குளோரின் போட்டு, சுவரைத் தேய்த்து, தெளியும்வரை வடிகட்டியை நிறுத்தாமல் ஓட்டு. மற்ற நாட்களில் தண்ணீரின் சூடு எத்தனை டிகிரியோ அதில் பாதியளவு மணி நேரம், அதாவது இருபத்துநாலு டிகிரி என்றால் பன்னிரண்டு மணி நேரம், அது ஓடினால் போதும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் இயந்திரம் வாங்கினால் வேலையே இல்லை என்பவன் விற்பனைக்காரன், நம்பாதே.

நேற்று சித்தி இறங்கினாள். தடியைப் படியோரம் சாய்த்தாள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டு எதிர்க்கரைவரை நடந்தாள். நானும் இறங்கிப் பக்கத்தில் கை நீட்டிக்கொண்டே போனேன். தள்ளிப் போய்யா, உன் தொந்தி அலை அடிக்குது என்று விரட்டினாள்.

நீயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாயிருங்கள். பசீல் நடக்கத் தொடங்கிவிட்டான், மறக்காதே: முதலில் வேலி, தானே பூட்டிக்கொள்ளும் கதவு, அதற்கப்புறம்தான் தண்ணீர்.

முத்தங்களுடன்,
உன் சித்தப்பன் அன்செல்ம்