ஒரு வரி அழிந்தபோது போனவர்கள்

3 மார்ச் 2025, திங்கள்
காயப்போட்ட துணியில் மறுபடி அனல்மின் நிலையச் சாம்பல். உதறி மடித்துவிட்டு சுரங்க அலுவலகம் போனேன். ஒப்பந்தத் தொழிலாளர் பதிவு மென்பொருள் ஓடத் தொடங்கி மூன்று மாதம். டேட்டாபேஸில் ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு டேபிள், தொழிலாளர்களுக்கு ஒன்று. என் கோடில் ஒப்பந்ததாரர் ஒரு ஆப்ஜெக்ட். அவருடைய ஆட்கள் அதற்குள் ஒரு பட்டியல். டேபிளையும் ஆப்ஜெக்டையும் இணைக்கும் மேப்பிங்கை எழுதியது நான்தான். இதுவரை ஒரு புகாரும் இல்லை.

5 மார்ச்
பெரியண்ணன் என்ற ஒப்பந்ததாரரின் ஒப்பந்தம் முடிந்தது. மேலாளர் பாலகுமார் சார் அவர் பெயரை அழித்தார். ஒரு வரி அழிய நான்கு நொடி ஆனது. ஏன் அவ்வளவு நேரம்?

11 மார்ச்
குள்ளஞ்சாவடியிலிருந்து அய்யாசாமி என்பவர் வந்தார். "கம்ப்யூட்டர்ல என் பேரே இல்லன்றாங்கம்மா. பதினோரு வருசமா சுரங்கத்துல பெல்ட்டுக்கடியில கரி வாரிகினு கெடக்குறேன்." இருபதாம் தேதி பணிமூப்புப் பட்டியல் போகிறது. அதில் இருந்தால்தான் பெர்மனென்ட். தேடினேன். இல்லை. எழுத்து மாறியிருக்கும், பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

எழுத்து மாறவில்லை.

12 மார்ச்
கண்டுபிடித்துவிட்டேன். ஒப்பந்ததாரரை அழித்தால் அவருக்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து அழி — மேப்பிங்கில் அப்படி ஒரு அமைப்பு. பழைய கடை மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டியது. அங்கே ஆர்டர் போனால் அதிலுள்ள பொருட்களும் போகவேண்டியதுதான். இங்கே பெரியண்ணனோடு போனது அவருடைய ஆட்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர், அவர்களுடைய எல்லா வருடங்களும்.



13 மார்ச்
பாலகுமார் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "பேக்கப் பதினாலு நாள்தான் நிக்கும். பதினெட்டுக்கு மேல யாராலயும் எதையும் காட்ட முடியாது. பேசாம இரு ஆனி. அந்த கோடுல உன் பேருதான் இருக்கு." குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

14 மார்ச்
ஜனவரியிலும் ஒரு ஒப்பந்ததாரரை அழித்திருக்கிறார்கள். அவரோடு அறுபத்தொரு பேர். அந்த பேக்கப் எப்போதோ போய்விட்டது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

16 மார்ச், ஞாயிறு
சர்ச் பூசையில் மனம் நிற்கவில்லை. என் கணவன் ரெஜினிடம் சொன்னேன். வண்டியை வடலூர் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, "வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றான். தெரியும் என்றேன். வண்டியைக் கிளப்பினான்.

17 மார்ச்
நான்காம் தேதி பேக்கப்பிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று பேரையும் திரும்ப ஏற்றினேன். மேப்பிங்கை மாற்றினேன். இனி ஒப்பந்ததாரர் போனாலும் ஆட்கள் நிற்பார்கள். நடந்ததை, அந்த அறுபத்தொரு பேரையும் சேர்த்து, என் கையெழுத்தோடு அரசுத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன்.

18 மார்ச்
நாளையிலிருந்து வரவேண்டாமாம்.

24 மார்ச்
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அய்யாசாமி இருக்கிறார். அந்த அறுபத்தொரு பேர் இல்லை. வேலை செய்ததற்கு ஆதாரம் கொண்டுவர ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சங்கத்துச் சக்கரபாணி அண்ணன் ஒரு மேசை போட்டுக்கொடுத்தார். வருகிறவர்களிடம் உள்ள காகிதங்களைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். இதுவரை ஒன்பது பேர்.

மதியம் திலகவதி என்ற அம்மா வந்தார். கேன்டீனில் எட்டு வருடம் பாத்திரம் கழுவியவர். பழைய கேட் பாஸ் ஒன்றுதான் வைத்திருந்தார். தேதி அழிந்துவிட்டிருந்தது.

"யாரும்மா எங்க பேரெல்லாம் அழிச்சது?"

"நான் எழுதினதாலதாங்க அழிஞ்சது," என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாஸை என் பக்கம் தள்ளினார்.

"எழுது."