வலி இல்லை என்று சொல்

க்யிம்யிண்டைங், ரங்கூன்
3 ஆகஸ்ட் 2025

அனுபமாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் பாதி உண்மை. பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதற்குப் பயந்து உன் தம்பி செந்தில் தாய்லாந்துக்குப் போன பிறகு, அவன் மனைவி விஜயகுமாரிக்கு நான்தான் துணை. அவளுக்கு எட்டாம் மாதம்.

நீ அனுப்பிய கட்டுரையை அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அமெரிக்கா போல அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நாட்டில் கறுப்பினத் தாய்மார் பிரசவத்தில் இத்தனை பேர் சாகிறார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் பத்தி சற்று நீளமோ என்று தோன்றியது. என் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு! படித்ததும் போனிலிருந்து அழித்துவிட்டேன். தெருமுனையில் பட்டாளத்தார் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இந்த ஊரைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே.

விஜியைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் நிறத்துக்கு இங்கே என்ன மரியாதை என்பது உனக்குத் தெரியும். அதனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் பொட்டை எடுத்துவிட்டு, பர்மியப் பெண்களைப் போல முகத்தில் தனக்காப் பட்டையை அரைத்துக் கெட்டியாகப் பூசிக்கொள்ளச் சொல்கிறேன். அங்கே அவளுக்குப் பர்மியப் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். நர்ஸை 'ஸயாமா' என்று பணிவாகக் கூப்பிட வேண்டும். என்ன கேட்டாலும் வலி ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படியே செய்கிறாள். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

விநாயகமூர்த்தி

அட்லாண்டா
4 ஆகஸ்ட்

அப்பா,

இரண்டாம் பத்தி நீளம்தான். எடிட்டரும் அதையே சொன்னார்.

ஆனால் உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. இறந்துபோன ஒரு பள்ளி ஆசிரியையின் அம்மாவைப் பேட்டி எடுத்தேன். அந்தப் பெண், தலை வலிக்கிறது என்று மூன்று தடவை போய்ச் சொல்லியிருக்கிறாள். கறுப்புப் பெண்கள் எதையும் தாங்குவார்கள், கூட்டித்தான் சொல்வார்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. நம் விஜியையோ நீங்கள் சொல்லவே விடவில்லை.

கோபத்தில் எழுதவில்லை அப்பா, பயத்தில் எழுதுகிறேன். அவளிடம் நீங்களே கேளுங்கள். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, முகம் வீங்குகிறதா? மூன்றும் ரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளம்.

அனு

ரங்கூன்
6 ஆகஸ்ட்

அனு,

மாமனார் மருமகளிடம் கேட்கிற கேள்விகளா இவை? காலையில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டேன்.

"என்ன மாமா, சுவத்துக்கிட்டயா கேக்குறீங்க?" என்று சிரித்தாள். பிறகு, "நாலு நாளா தலை பிளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது" என்றாள்.

"ஏம்மா திங்கக்கிழமை கிளினிக்குல சொல்லல?"

"நீங்கதானே வலி இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க."

குற்றமாகச் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். தனக்கா போனதும் பார்த்தேன்: கண்ணிமைகள் இரண்டும் உப்பிக் கிடந்தன. அந்தப் பூச்சுக்கு அடியில் இருந்ததை நர்ஸ் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் அவளைத் தொடக்கூட இல்லை. 'கலாமா' என்று நம் பெண்களை இளக்காரமாகச் சொல்வார்களே, "கலாமாக்களுக்கு இதெல்லாம் தாங்கும், திங்கட்கிழமை வாங்க" என்றார். நானும் "சரி, ஸயாமா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா

6 ஆகஸ்ட்

அப்பா, திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே கூட்டிப் போங்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள். அவமானப்படுத்தினால் படுத்தட்டும்.

அனு

ரங்கூன்
9 ஆகஸ்ட்

அனுபமாவுக்கு,

போனோம். இங்கேயும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். விஜி சுவரில் சாய்ந்தபடியே சரிந்தாள். நான் கத்திவிட்டேன். பர்மிய மொழியைப் பிழையில்லாமல் பேச ஆயுள் முழுக்கப் பழகியவன், தமிழில் கத்தியிருக்கிறேன். "புள்ளத்தாச்சி சாகுறா, யாராவது வந்து பாருங்கம்மா!" ஒருவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் ஒரு டாக்டரம்மா வெளியே ஓடிவந்தார். அளந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. அன்றே ஆபரேஷன் செய்தார்கள்.

பெண் குழந்தை. ரொம்பச் சின்னது, ஆனால் நன்றாக அழுகிறது. விஜிக்கு அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இப்போதும் வலிப்பு வரலாம், ஒரு வாரமாவது வார்டில் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

சத்தம் கேட்டு வந்தவர் டாக்டர் மட்டும் இல்லை. சாதாரண உடையில், உளவுப் போலீஸ் போல ஒருவர் வந்து என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். விஜியின் புருஷன் எங்கே என்றார். கப்பலில் வேலை என்றேன். எந்தக் கப்பல் என்றார். பெயர் மறந்துவிட்டது என்றேன். நேற்று மறுபடியும் வந்தார்.

த்வாண்டேயில் விஜியின் அம்மா தைலம்மாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையைக் கட்டினேன். விஜி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க யாரு மாமா அளந்து பாப்பாங்க? நான் வரல. பயமா இருந்தா நீங்க போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

பையை அவிழ்த்துவிட்டேன். இதைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. மகள் பிறந்ததைச் செந்திலுக்குச் சொல். எங்கேயும் நகராமல் இருக்கச் சொல்.

அந்த ஆள் நாளைக் காலை என்னைப் போனோடு வரச் சொல்லியிருக்கிறார். உன் கடிதங்களை அழித்துவிட்டேன். அழித்ததையும் எடுத்துவிடுவார்களாம். நான் இல்லாவிட்டாலும் வேளாவேளைக்குக் கேட்டு அளந்துகொள்ள வேண்டும் என்று விஜியிடம் சொன்னேன். "கேப்பேன் மாமா, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்கிறாள்.

இதற்குப் பதில் எழுதாதே, அனு. நாளை இந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்பா