உருகி உறைந்த ஐஸ்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் சின்னவளும் சௌக்கியம். உங்கள் இருமல் விட்டதா? உங்கள் தங்கை மேல் நீங்கள் கோபமாக இருப்பது தெரியும். நடந்ததை முழுசாக எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு ராத்திரி கடைத்தெருவில் கரண்ட் போயிருக்கிறது. நம் வீட்டுப் பக்கம் போகாததால் எங்களுக்குத் தெரியாது. காலையில் அவள் பேக்கரியைத் திறந்தபோது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் செய்த கிரீம் பன்களில் பாதிக்கு மேல் விற்றுவிட்டாள். மத்தியானம் யாரோ ஐஸ் கேட்க, டப்பாவைத் திறந்தால் கட்டிகளெல்லாம் ஒட்டி ஒரே பாளமாக இருந்ததாம். எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, ராத்திரி வெகுநேரம் ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது, கிரீம் கெட்டிருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது.

வேறு யாராயிருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவள் மீதிப் பன்களைக் குப்பையில் கொட்டி, யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று மேலே பினாயிலும் ஊற்றினாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனாள். யார் என்ன வாங்குவார்கள் என்று அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. பக்கத்துத் தெரு டீச்சரம்மா கடைசித் துண்டை மென்றுகொண்டே, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாராம். அதுவரை கல்லுக்குண்டாக இருந்த தையல்காரர், விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடவுள் புண்ணியத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எதிரே இருக்கிற பேக்கரிக்கும் அதே லைன்தான், அங்கேயும் அதே கரண்ட்தான் போனது. அந்த மனுஷர் மூச்சு விடவில்லை. இப்போது ஊரே அங்கேதான் வாங்குகிறது. "இவ கடையிலதான் கெட்டுப்போச்சாம்" என்கிறார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்று வீட்டுக்காரம்மாகூடச் சிரிக்கிறாள். ஊரைச் சொல்வானேன்? மறுநாள் உங்கள் தங்கை சின்னவளுக்குக் கொடுத்த பன்னை நானே மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள். "மூக்கை நம்பாதீங்க அண்ணி, கெட்ட கிரீமும் நல்ல வாசனையாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

நேற்று ஒரே ஒருத்தி வந்தாள். அன்றைக்கு வீடு வீடாகச் சொல்லப் போனபோது வாசலில் நிற்க வைத்து இவளைத் திட்டித் தீர்த்தாளே ஒரு கைப்பிள்ளைக்காரி, அவள்தான். "என் பிள்ளைக்கு இங்கதான் வாங்குவேன். கெட்டுப்போனா நீயே ஓடி வந்து சொல்லிடுவே" என்றாளாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி உங்கள் தங்கை சந்தோஷப்படுகிறாள்.

ஆனால் அந்த ஒருத்தியை வைத்துக் கடை நடத்த முடியுமா? மாதக் கடைசியில் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாள். ஊர் பேசினதையெல்லாம் உதறிவிட்டாள். போனில் நீங்கள் "பிழைக்கத் தெரியாதவ" என்றீர்களே, அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவளுக்கு ஒரு போன் போடுங்கள். புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். "என் தங்கச்சி செஞ்சது சரிதான்" என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்கும் அவள் கடையைத் திறப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனுக்காக அவளோடு சேர்ந்து காத்திருக்கும்,
சின்னவளின் அம்மா